கச்சான் எழும்பிய நாள்

கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது பாக் விரிகுடாவில் அலை உயரமாக வராது, நெருக்கமாக வரும். ஆழம் குறைந்த கடல் அது. பெரும்பாலான இடங்களில் 12 மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. காற்று மேலிருந்து அழுத்த, கீழே போக இடமில்லாத தண்ணீர் குட்டை குட்டையாக எழுந்து ஒன்றன் முதுகில் ஒன்று ஏறும். ஒரு அலையில் ஏறிய படகு இறங்கி முடிப்பதற்குள் அடுத்த அலை முன்முனையான அணியத்தில் வந்து அறையும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2017 ஆடி மாதம், தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் நடந்த பாய்மரப் படகுப் போட்டியன்று, ஒரு பைபர் படகின் குறுக்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. விழாக் குழுவில் இருந்தவர்கள் எனக்கு இன்னும் வேண்டியவர்கள். அவர்களைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமும் இல்லை. தொண்டி, நம்புதாளை, சோலியக்குடி, மோர்ப்பண்ணை என்று அந்தக் கரை நெடுகக் கோயில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் போட்டி நடப்பது வழக்கம். அவற்றைப் போல இதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திருச்சி புத்தூர்க்காரன். அரசு மருத்துவமனைக்கு எதிரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை என்று பலகையில் இருக்கும். எங்களுக்கு அது ஜி.ஹெச். புதுக்கோட்டை, அறந்தாங்கி, மணமேல்குடி, தொண்டி என்று தெற்கேயிருந்து வருகிறவர்கள் வார்டில் ஆளைச் சேர்த்துவிட்டு வெளியே வந்து உட்காரும் இடம் எங்கள் கடைத் திண்ணை. சம்மாட்டி எனக்கு அப்படிப் பழக்கமானவர். அந்தப் பக்கம் படகு வைத்திருப்பவரைச் சம்மாட்டி என்பார்கள். அவருடைய அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து இங்கே கிடந்தபோது பகல் முழுக்க வார்டிலும் ராத்திரி என் கடை வாசலிலுமாக இருந்தார். மருந்துக்குக் கடன் சொன்னதே இல்லை. ஊருக்குப் போனதும் ஒரு பெட்டி நிறையக் கருவாடு அனுப்பிவைத்தார். அதன் வாசனை கடையிலிருந்து போக நாளாயிற்று. பிறகு ஒவ்வொரு ஆடிக்கும் போன் வரும்: "அண்ணே, இந்த வருசமாவது பந்தயத்துக்கு வாங்க."

நான் போகாமலே தள்ளிக்கொண்டு வந்ததற்குக் காரணம் வேலை மட்டும் இல்லை. தண்ணீரைக் கண்டால் எனக்கு ஆகாது. புத்தூரில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான்.

1977 நவம்பர் 12 விடிகாலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு புயல் கரை ஏறியது. ஏறிய புயல் அங்கேயே அடங்கியிருக்க வேண்டும். அது உள்நாட்டுக்குள் நடந்து வந்தது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மூன்று இடத்திலும் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்ததாகப் பதிவாகியிருக்கிறது. கடலை விட்டு இவ்வளவு தூரம் தள்ளி இருக்கிற ஊருக்கு இது அடாத காற்று. காற்றாவது ஒரு பொழுதில் போய்விட்டது. பின்னால் வந்தது தண்ணீர். கோரையாறு, அரியாறு வெள்ளமெல்லாம் குடமுருட்டியில் சேர்ந்து, குடமுருட்டி தாங்காமல் உறையூர், புத்தூர், தில்லைநகர்ப் பக்கம் திரும்பியது. எனக்கு அப்போது ஏழாம் வகுப்பு. தீபாவளிப் பலகாரம் டப்பாவில் மிச்சம் இருந்தது. அம்மா அந்த டப்பாவையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். கீழே எங்கள் வீட்டுக் கட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தானாகப் போய் வந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு எருமை நீந்தி வந்து எதிர்வீட்டுப் படிக்கட்டில் முன்னங்கால்களை வைத்தது, ஏற முடியவில்லை, போய்விட்டது. அதன் முகத்தை நான் மறக்கவில்லை. எம்.ஜி.ஆர். முதல்வராகி ஐந்து மாதம்கூட ஆகாத நேரம். மாநிலம் முழுக்க 560 பேர் இறந்ததாகவும் பத்து லட்சம் பேர் வீடிழந்ததாகவும் பின்னால் கணக்கு வந்தது. அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று: கடையில் கீழ் இரண்டு தட்டில் இருந்த மருந்து அத்தனையும் போயிற்று.

அதன் பிறகு உய்யக்கொண்டான் வாய்க்காலில் குளிக்கக்கூட நான் இறங்கியதில்லை. அப்படிப்பட்டவன் பாய்மரப் பந்தயத்துக்குப் போனேன் என்றால், சம்மாட்டியின் அம்மா ஒரு ஆள் மூலம் சொல்லி அனுப்பியதால்தான். "நான் சாகிறதுக்குள்ள அந்த மருந்துக்கடைத் தம்பிக்கு ஒரு வேளை சோறு போடணும்" என்றாராம். அதற்கு மேல் மறுக்க முடியாது.

புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனேன். தேவகோட்டை தாண்டியதும் பனையும் கருவேலமும்தான். போகும்போதே பேருந்து சன்னலில் காற்று சீறியது. பக்கத்து சீட்டுப் பெரியவர், "கச்சான் புடிச்சுருச்சு, இனி ஆவணி வரைக்கும் இப்படித்தேன்" என்றார். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு ஈரம் போய் வெறுங்கையோடு வருகிற காற்று அது. ராமநாதபுரச் சீமைக்கு அது கொண்டுவருவது புழுதி ஒன்றுதான்.

கரையில் ஊரே கூடியிருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வத்தைகள் மணலை ஒட்டி வரிசையில் நின்றன. வத்தை என்பது இந்தக் கரைக்கே உரிய படகு. நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு காலத்தில் மூன்று பாய்மரம் வைத்தும் ஓடியிருக்கிறது. இதன் விசேஷம் பலகை. படகின் குறுக்கே போட்டு, காற்று வருகிற பக்கமாகக் கடலுக்கு மேல் நீட்டி வைக்கிற நீளமான பலகை. காற்று பாயை அழுத்திப் படகைச் சாய்க்கும்போது இரண்டு மூன்று பேர் அந்தப் பலகையில் வெளியே ஏறி நின்று, பாய்மர உச்சியிலிருந்து வருகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தங்கள் உடம்பின் பாரத்தால் படகை நிமிர்த்துவார்கள். காற்று கூடினால் வெளியே, குறைந்தால் உள்ளே. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியதை 1920இல் கல்கத்தா ஏசியாடிக் சொசைட்டி வெளியிட்டது. பாக் விரிகுடாவின் இந்தப் பலகையும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் படகுக்குப் பக்கத்தில் கட்டுகிற மிதவைக் கட்டையோடு இதைச் சேர்த்து யோசித்தவர் அவர். நம் ஆட்கள் கட்டைக்குப் பதில் மனுஷனையே வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு படகுக்கு ஆறு பேர். சுக்கானில் ஒருவர், பாயின் தாமான் கயிற்றில் ஒருவர், மற்றவர்கள் பலகைக்கும் தண்ணீர் இறைக்கவும். அடியில் மணல் மூட்டைகள். காற்று செத்தால் எடை குறைக்க அவற்றைக் கடலில் தள்ளிவிடுவார்கள். பாய்த் துணியில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டே இருந்தார்கள். நனைந்த துணியின் கண்கள் அடைபட்டுக் காற்றை விடாமல் பிடிக்குமாம். இளவட்டங்கள் அதிகம் இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். சுக்கானில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தலை நரைத்திருந்தது. "இஞ்சின் வந்ததுக்கப்புறம் பொறந்த பயலுகளுக்குப் பாய் புடிக்கத் தெரியாதுண்ணே. வருசத்துல இந்த ஒரு நாள்தேன் பாயே விரியுது" என்றார் சம்மாட்டி. உடம்பு இளசு, மூளை பழசு என்று ஒவ்வொரு படகும் அப்படித்தான் கலந்திருந்தது.

நான் மணலிலேயே நின்றுகொள்கிறேன் என்றேன். அவர் விடவில்லை.

"கரையில நின்னா பாய் மட்டுந்தேன் தெரியும். பந்தயம் தெரியாது. ஏறுங்கண்ணே, நான் இருக்கேன்ல."

பார்க்கிறவர்களுக்கென்று ஏழெட்டு பைபர் படகுகள். எங்கள் படகில் ஓட்டுபவரோடு சேர்த்துப் பதினொரு பேர், அதில் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள். உயிர்காப்பு உடுப்பு ஒருவரிடமும் இல்லை. கேட்டேன். வீட்டில் இருக்கிறது என்றார்கள். நான் எங்கே போனாலும் தோளில் ஒரு மருந்துப் பை இருக்கும். அதை பாலித்தீன் உறையில் சுற்றிக் காலுக்கடியில் வைத்துக்கொண்டேன்.

கொடி அசைந்ததும் வத்தைகள் பாய்ந்த வேகத்தைப் பார்த்து, அத்தனை பயத்திலும் நான் கத்திவிட்டேன். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. படகுகளும் கடலுக்குள்தான் போக வேண்டும். பின்னாலிருந்து தள்ளுகிற காற்றில் எல்லாப் படகும் தோராயமாக ஒரே வேகத்தில் பறந்தன. கரையோரத்தில் அலையே இல்லை. கச்சானின் வஞ்சகம் இதுதான் என்று சம்மாட்டி சொன்னார். தரையைத் தாண்டி வருகிற காற்று கடலைக் கலக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும். கரையில் நிற்பவனுக்குக் கடல் தட்டையாகத் தெரியும். போகப் போகத்தான் அதன் குணம் தெரியும். போவது சுலபம், திரும்புவது எதிர்காற்றில்.

எல்லைப் படகு கடலுக்குள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது அலை நான் முதலில் சொன்ன மாதிரி ஆகியிருந்தது. எங்கள் படகின் அடி ஒவ்வொரு முறை தண்ணீரில் அறைந்தபோதும் முதுகெலும்பு வரைக்கும் அதிர்ந்தது. பள்ளிக்கூடப் பையன்களில் ஒருவன் வாந்தி எடுத்தான். காற்றும் கூடிவிட்டது. அலைகளின் தலையிலிருந்து நுரையைப் பிய்த்து வீசியது. ஓட்டுபவர் மேற்கே பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அங்கே கரைக்கு மேல் புழுதி எழும்பி வானம் செம்மண் நிறத்தில் இருந்தது.

எல்லையில் திரும்புவதுதான் பந்தயத்தின் கழுத்து. அது வரை ஒரு பக்கமாக நீட்டியிருந்த பலகையை உள்ளே இழுத்து, பாயை மாற்றி, அதே பலகையை எதிர்ப்பக்கம் தள்ளி, ஆட்கள் மறுபடி ஏறி நிற்க வேண்டும். சில நொடிகளுக்குப் படகில் எதிர்பாரமே இருக்காது. அந்த நொடியில் காற்று ஒரு அடி கூடுதலாக அடித்தால் முடிந்தது. முதல் நான்கு படகுகள் தப்பித்துத் திரும்பின. ஐந்தாவது திரும்பும்போது பலகை பாதியில் மாட்டிக்கொண்டது. பாய் நிறையக் காற்றை வாங்கி, படகு நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒரு பக்கமாகப் படுத்தது. பலகையில் நின்றவர்கள் வானத்தில் நடப்பதுபோல் ஒரு கணம் தெரிந்தார்கள். பிறகு வெறும் பாய்தான் தண்ணீர்மேல் விரிந்து கிடந்தது. அதைத் தவிர்க்க ஒதுங்கிய இன்னொரு படகும் கவிழ்ந்தது. மூன்றாவது ஒன்று கொஞ்சம் தள்ளி.

எங்கள் ஓட்டுநர் நேரே அவர்களைப் பார்த்துப் போகவில்லை. சுற்றிக்கொண்டு, காற்று வருகிற பக்கத்துக்குப் போய், இஞ்சினை அணைத்தார். எனக்குப் புரியவில்லை. காற்றே எங்களை மெல்ல அவர்கள்மேல் ஒதுக்கியது. எங்கள் படகின் மறைவில் அவர்களுக்கு அலை குறைந்தது, விசிறியும் சுற்றவில்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பயிற்சி என்று எந்தச் சான்றிதழும் அவரிடம் இல்லை.

ஐந்து தலை தெரிந்தது. ஆறாவது இல்லை.

"பாய்க்கு அடியில! பாய்க்கு அடியில கெடக்கான்!" என்று தண்ணீரிலிருந்து ஒருவர் கத்தினார். தண்ணீர்மேல் விரிந்த நனைந்த பாயைக் கீழேயிருந்து தூக்க முடியாது. மேலே காற்று இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் துணி வாயில் ஒட்டிக்கொள்ளும். சம்மாட்டி சட்டையோடு குதித்தார். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு. "ஆஞ்சானை அறு, ஆஞ்சானை அறு" என்று ஓட்டுநர் கத்த, பாயைத் தூக்கிக் கட்டியிருந்த ஆஞ்சான் கயிற்றை யாரோ அறுத்தார்கள். குறுக்குக் கழியான பருமலோடு பாய் நழுவியது. அந்த இடைவெளியில் ஒரு கை வந்தது.

பத்தொன்பது வயசுப் பையன். படகுக்குள் இழுத்துப் போட்டபோது உதடு நீலமாக இருந்தது. இருமினான், மூச்சு இருந்தது. பக்கத்தில் இருந்தவர் அவன் வயிற்றை அழுத்தத் தொடங்கினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகத்தான் தட்டினேன் போலிருக்கிறது, பிறகு அவர் என்னோடு பேசவில்லை. வயிற்றை அழுத்தினால் உள்ளே போன தண்ணீரும் சோறும் மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கும். மூச்சு இருக்கிற ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைச் சுத்தம் செய்தால் போதும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும், வயிற்றை அல்ல. இதை நான் கடையில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆடுகிற படகில், முழங்கால் அளவு தண்ணீரில், அதைச் செய்து பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினொரு பேர் வந்த படகில் இப்போது பதினேழு பேர். விளிம்புக்கும் கடலுக்கும் ஒரு சாண் இடைவெளி. ஒவ்வொரு அலைக்கும் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தது. இரண்டு பையன்களும் அழாமல் இறைத்தார்கள்; வாந்தி எடுத்தவன்தான் அதிகம் இறைத்தான். 1977இல் அம்மா மாடியில் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு வாயில் ஒரு பெயரும் வரவில்லை. பையனின் நாடியை விடாமல் எண்ணிக்கொண்டு வந்தேன். எண்ணிக்கை ஒன்றுதான் என்னைப் படகில் உட்கார வைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது போட்டிப் படகுகள் கூப்பிடு தூரத்தில் எங்களைக் கடந்துபோயின. ஒன்றும் நிற்கவில்லை. ஒரு படகிலிருந்து மட்டும் ஒரு வெற்று கேனை எறிந்தார்கள். தண்ணீரில் கிடந்த ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சம்மாட்டி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பாயில வர்றவன் நெனச்ச எடத்துல நிக்க முடியாதுண்ணே. இந்தக் காத்துல நின்னா அவனும் கவுந்துருவான். அப்ப பன்னெண்டு பேரு." அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பாயை இறக்கிப் போட்டுவிட்டு மிதந்திருக்கலாம். அப்படிச் செய்தால் பந்தயம் போய்விடும். பந்தயத்தில் இருப்பவனிடம் அந்த முடிவை விட்டுவைப்பதே தவறு. அதை எடுக்க வேறு ஆள் கடலில் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு இருந்தது வேடிக்கை பார்க்க வந்த நாங்கள்.

மற்ற இரண்டு படகின் ஆட்களையும் வேறு பைபர் படகுகள் தூக்கிக்கொண்டன. ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. இன்னொருவருக்குத் தாமான் கயிறு உள்ளங்கையை உரித்திருந்தது. உயிர் ஒன்றும் போகவில்லை.

கரையில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு. முதலில் வந்த படகின் ஆட்களைத் தோளில் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். பையனை இறக்கியதும் விழாக்காரர் ஒருவர் வந்து பார்த்து, "தண்ணி குடிச்சுட்டான், அவ்வளவுதானே, ஒரு சோடா குடுங்க" என்றார். மேடையில் அவனுக்கும் ஒரு துண்டு போர்த்தலாம் என்றும் சொன்னார். நான் கத்தினேன். நுரையீரலில் உப்புத் தண்ணீர் இறங்கியவன் அந்த நேரம் எழுந்து நடப்பான், பேசுவான், சிரிப்பான். சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறும். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரன் கத்துகிறான் என்று கூட்டம் கூடியது. கடைசியில் சம்மாட்டியின் அம்மா கோலை ஊன்றிக்கொண்டு வந்து, "அந்தத் தம்பி சொல்றதைக் கேளுங்கடா" என்றார். வண்டி வந்தது. நினைத்தபடியே நள்ளிரவில் பையனுக்கு மூச்சு இழுத்து, ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனான். இப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான் என்று கேள்வி.

அம்மா சோறு போட்டார். நண்டுக் குழம்பு. எவ்வளவு சாப்பிட்டேன் என்று எனக்கே வெட்கம்.

புத்தூருக்குத் திரும்பிய பிறகுதான் பாய்மரப் போட்டி என்னைப் பிடித்துக்கொண்டது. கடையில் ராத்திரி முறை என்னுடையது. ஆள் வராத நேரத்தில் யூடியூபில் இதையே தேடிப் பார்ப்பேன். 2013இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நடந்த அமெரிக்கா கோப்பைப் பந்தயம் எனக்கு மனப்பாடம். இரட்டை உடல் படகுகள், 72 அடி நீளம், துணிப் பாய்க்குப் பதில் நாற்பது மீட்டர் உயரத்துக்கு விமான இறக்கைபோல் நிற்கிற பாய், பதினொரு பேர். தண்ணீரை விட்டு மேலே எழும்பி ஓடும். மணிக்கு எண்பது கிலோமீட்டரையும் தாண்டியது. அமெரிக்காவின் ஆரக்கிள் அணி 8–1 என்று நியூசிலாந்திடம் தோற்கும் நிலையில் இருந்து, அடுத்த எட்டுப் பந்தயத்தையும் வென்று செப்டம்பர் 25ஆம் தேதி 9–8 என்று கோப்பையைத் தக்கவைத்தது. அதை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

ஆனால் நான் அதிகம் யோசித்தது அந்த வெற்றியைப் பற்றி அல்ல. அதே ஆண்டு மே 9ஆம் தேதி, பயிற்சியின்போது, சுவீடனின் ஆர்ட்டெமிஸ் அணியின் படகு உடைந்து கவிழ்ந்தது. ஆண்ட்ரூ சிம்சன் என்கிற பிரிட்டிஷ்காரர், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், இடிபாட்டுக்கு அடியில் சிக்கி இறந்துபோனார். பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத அணி. துணைப் படகுகள் பக்கத்திலேயே இருந்தன. இருந்தும் படகுக்கு அடியில் கிடந்தவரை நேரத்துக்கு எடுக்க முடியவில்லை. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது பாய்க்கு வெளியே வந்த கைதான் ஞாபகம் வந்தது. அவர்கள் அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். பந்தயம் நடத்தக்கூடிய காற்றின் உச்சவரம்பை 33 நாட் வேகத்திலிருந்து 23 நாட் வேகமாகக் குறைத்தார்கள். அதாவது மணிக்கு 43 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இறுதிப் போட்டியில் உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, காற்று அதைத் தாண்டிய நாட்களில் பந்தயத்தை நிறுத்தி, வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குத் தொண்டிக் கடலில் அடித்தது எத்தனை நாட் என்று அளக்க எங்களிடம் ஒரு கருவி இல்லை. மேற்கே செம்மண் நிற வானம் இருந்தது. அதைப் படித்த ஓட்டுநரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பந்தயத்துக்கு அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16ஆம் தேதி, கஜா புயல் வந்தது. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறி, தஞ்சை, புதுக்கோட்டைத் தென்னைகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே போனது. மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சம்மாட்டியின் தங்கை வீடு கோட்டைப்பட்டினத்தில். அவர்கள் வைத்திருந்த பழைய வத்தை உடைந்தது. நிவாரணம் வந்ததும் வாங்கியது பைபர் படகு. அதைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? வத்தை கட்டுகிற ஆசாரி கிடைப்பதில்லை, மரமும் விலை. பாய் தெரிந்தவர்கள் இன்னும் சில ஆண்டுகளில் இருக்கப் போவதில்லை என்று சம்மாட்டியே சொல்கிறார்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக். பாய்மரப் போட்டி எனோஷிமா கடலில். இந்தியாவிலிருந்து போன நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் நால்வருமே தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா. நம் ஊரில் விடிந்து கடை திறந்த கையோடு போனில் போட்டுவிட்டு உட்காருவேன். மாத்திரை வாங்க வந்தவர்கள் எட்டிப்பார்த்து, "என்ன சார், படகுப் போட்டியா?" என்பார்கள். பதக்கம் வரவில்லை. ஆனால் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் விஷ்ணு வெண்கலம் வாங்கினார், கடையில் மிட்டாய் கொடுத்தேன். எனோஷிமாவில் ஆட்டத்தைவிட நான் கவனித்தது வேறு: அத்தனை பேர் மேலும் உயிர்காப்பு உடுப்பு, படகுகளுக்கு நடுவே சும்மா நிற்கிற காவல் படகுகள். போட்டியில் கலந்துகொள்ளாமல், வேடிக்கையும் பார்க்காமல், கவிழ்கிறவனுக்காகவே காத்திருக்கிற படகுகள்.

சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இலிருந்து இருக்கிறது. பயிற்சியும் கருவியும் பாதுகாப்பு முறையும் அங்கே உண்டு. உலகத் தரத்துக்கு ஆட்களையும் அனுப்புகிறோம். அதே மாநிலத்தின் இன்னொரு கரையில், பயிற்சியே தேவைப்படாத ஆட்கள், பலகைமேல் ஏறி நின்று கச்சானோடு மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு காவல் படகுகூட நாம் கொடுக்கவில்லை. விளையாட்டுத் துறையைக் கேட்டால் இது திருவிழா என்பார்கள், விழாக் குழுவைக் கேட்டால் இது எங்கள் பாட்டன் காலத்து வழக்கம் என்பார்கள். பாட்டன் காலத்தில் இந்தக் கரையில் எல்லோருக்கும் பாய் தெரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் பாய் பிடிக்கிறவனுக்கும் தினம் பிடித்தவனுக்கும் ஆபத்து ஒன்றல்ல.

போட்டியை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். நிறுத்தினால் அந்தப் பலகையும் பாயும் அதோடு போய்விடும். விழாக் குழுவினரிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். காற்றை அளக்கிற கைக்கருவி ஒன்று வாங்குங்கள்; இவ்வளவுக்கு மேல் போனால் பந்தயம் நாளைக்கு என்று முதல் நாளே மைக்கில் சொல்லிவிடுங்கள். ஐந்து படகுக்கு ஒன்று என்ற கணக்கில், யாரையும் ஏற்றாத காலிப் படகை எல்லைப் பக்கம் நிறுத்துங்கள், அதில் கயிறறுக்கக் கத்தியோடு நீச்சல் தெரிந்த இரண்டு பேர் இருக்கட்டும். வீட்டில் மாட்டியிருக்கிற உயிர்காப்பு உடுப்பை அன்றைக்கு ஒரு நாளாவது எடுத்து மாட்டுங்கள். தொண்டியில் கடலோரக் காவல் நிலையம் இருக்கிறது. அவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் வருவார்கள். பார்க்கப் போகிற உங்களுக்கும் ஒன்று: உடுப்பு தராத படகில் ஏறாதீர்கள், எவ்வளவு வேண்டியவர் கூப்பிட்டாலும்.